சித்ராக்காவுக்கு மட்டும் வந்த முடிவு

சித்ராதேவியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு வங்கியைக் கொள்ளையடிப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

புத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கட்டடத்தின் கீழ் மாடிகளில் ஸ்கேன் சென்டர், மேலே நாங்கள். லிஃப்டில் ஏறினால் எக்ஸ்ரே கவரோடு ஒருவர் நிற்பார். ரத்தப் பரிசோதனைக்காகக் காலையிலிருந்து சாப்பிடாமல் வந்த எரிச்சலோடு இன்னொருவர் நிற்பார். இவர்களைத் தாண்டி மேலே போய் நாங்கள் வீடியோ கேம் ஆட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கிற விளையாட்டுகளைக் கடைக்கு வருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே பாதியில் நின்றுபோகிறது, எங்கே தப்பாகப் போகிறது என்று எழுதி அனுப்புவதுதான் எங்கள் தொழில்.

திருவெள்ளறைப் பக்கம் வயக்காட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி, அதுவும் பி.இ., முதல் வகுப்பு. பட்டமளிப்பு விழா போட்டோவை அப்பா டிராக்டர் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். "பையன் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் "சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டு டிராக்டரைக் கிளப்பிவிடுவார். நாள் முழுக்க விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவரிடம் விளக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

டீம் லீடர் ஸ்டீபன்ராஜ் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "காத்தான், பக்கத்துல அக்கா ஆடுறதைப் பாருங்க. ஆனா அவங்கள மாதிரி ஆடாதீங்க" என்றார்.

பார்த்தேன். பருத்தியில் பச்சைச் சேலை, ஒரு மூக்குத்தி, காதில் பெரிய ஹெட்போன், மடியில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி. திரையில் ஒரு வங்கி. முகமூடி போட்ட திருடன் ஒருவன், கையில் துப்பாக்கியோடு, கவுன்ட்டர் வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எஃப் பட்டனை அமுக்குனா சுடும்."

"தெரியும் தம்பி."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"முன்னாடி ஆள் நிக்குதுல்ல? அந்தம்மாவுக்கு வயசு வேற ஆயிடுச்சு. அவங்க முடிச்சிட்டுப் போகட்டும்."

அந்தக் கிழவி முடித்தாள். அவளுக்கு அடுத்து நின்றவரும் முடித்தார். கவுன்ட்டர் பெண் நிமிர்ந்து பார்த்து, திருடனிடம் ஒரு பெரிய பையை எடுத்து நீட்டினாள். நன்றி சொன்னாள். திருடன் வெளியே வந்தான். போலீஸ் இல்லை, சைரன் இல்லை. சித்ராக்கா அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். விளையாட்டு முடிந்துவிட்டது. தயாரித்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

வங்கி என்றால் வரிசை இருக்க வேண்டுமே என்று யாரோ அழகுக்காகச் செய்து வைத்த வரிசை அது. உலகத்தில் யாரும் அதில் நின்று பார்த்ததில்லை. இவர் நின்றார். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆடிப்போய் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்கள்.

"எப்படிக்கா தோணுச்சு?" என்றேன்.

"ரேஷன் கடையில நின்னதில்லையா நீ?" என்றார்.

சித்ராக்கா பிறந்தது பொன்மலைப்பட்டி. அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கட்டிக்கொண்ட அழகர்சாமியும் அதே பணிமனைதான். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். பி.காம். படித்திருக்கிறார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணவரின் அண்ணன் லக்ஷ்மணன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் வருஷக்கணக்கில் ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் போட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். லக்ஷ்மணன் கெட்டவர் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் வைத்துத்தான் குறை சொல்வார். "பி.காம். படிச்ச பொண்ணு பேப்பரைக் கோணலா வைக்குது பாருங்க சார்" என்பது அவருக்குப் பிடித்த நகைச்சுவை.

ஒரு மழைநாளில் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டி வழுக்கிக் கால் உடைந்தது. மாவுக்கட்டோடு படுத்த படுக்கை. டிவி சீரியல் பார்க்கலாம் என்றால் ரிமோட் மாமியார் மயிலம்மாள் கையில். வேறு வழியில்லாமல் கணவரின் பழைய போனில் கிடைத்த விளையாட்டை எல்லாம் ஆட ஆரம்பித்தார். கட்டுப் பிரிக்கிற நேரத்தில் எங்கள் கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது: சின்ன வயதிலிருந்து கேம் ஆடி வளராத ஒருவர் வேண்டும். பழகிய கைகள் பழகிய வழியிலேயே போகும், புதிதாக ஆடுகிறவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நேர்காணலில், "கேம் ஆடுவீங்களா?" என்று கேட்டார்களாம்.

"ஆடுவேன். ஆனா ஜெயிக்கணும்னு ஆடமாட்டேன்."

ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. வருஷம் முடியும்போது நிரந்தரம் செய்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். லக்ஷ்மணன் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். "போயிட்டு வாம்மா. எங்க போயிடப்போறே, அடுத்த தீபாவளிக்கு இங்கதான் நிப்பே. இடத்தை அப்படியே வச்சிருக்கேன்."

"அந்தக் கடைக்குள்ள இனிமே நான் ஜெராக்ஸ் எடுக்கக்கூடப் போகமாட்டேன் தம்பி" என்று சித்ராக்கா என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான், வாய்தான். துப்பறியும் விளையாட்டு ஒன்று. சந்தேகப்படும் ஆள் வீட்டுக்குப் போனால், "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்பான். நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்று அமுக்கிவிட்டுப் படுக்கையறையில் துப்பாக்கியைத் தேட ஓடுவோம். இவர் டீ குடிப்பார். அவன் இன்னொன்று கேட்பான், அதையும் குடிப்பார். அவன் மனைவியைப் பற்றிப் பேசுவான், கேட்பார். கடைசியில் அவனே, இதற்குமேல் பேச விஷயமில்லாமல், கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். இன்னொன்றில் டிராகனைக் கொல்ல அனுப்பிய வீரனை ஊர் எல்லையில் ஆடு மேய்க்கிற ஒரு விதவைக்குக் கட்டிவைத்துவிட்டு வந்தார். டிராகன் என்னக்கா ஆச்சு என்றால், "அது மலையில இருக்கு, இவன் கீழ இருக்கான். ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்பார். எங்களுக்கு மூன்று முடிவு வருகிற விளையாட்டில் அவருக்கு நான்காவது வரும். 'முடிவு அக்கா' என்று பெயரே வைத்துவிட்டோம்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் 'ரெப்ரோ' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒருவர் கண்டுபிடித்ததை, அவர் எழுதிக் கொடுத்த வழியிலேயே போய் இன்னொருவரும் காண வேண்டும். கண்டால் அது பிழை, கம்பெனிக்குப் பெருமை. காணாவிட்டால் எழுதியவர் தூங்கியிருக்கிறார் என்று அர்த்தம். வங்கி வரிசை ரெப்ரோ ஆனது. டீயும் ஆனது. மாட்டு டாக்டர் கதைதான் ஆகவில்லை.

அது ஒரு குளிர்நாட்டுக் கம்பெனியின் விளையாட்டு. பனிப்புயலில் வழிதவறிய ஒரு மாட்டு டாக்டர், ஆளில்லாத கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறான். வீடு வீடாக நுழைந்து ரொட்டியும் விறகும் தேடி, கடைசியாக மேட்டில் இருக்கிற பெரிய வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டு மாடியில் ஒரு கிழவிப் பேய் தூங்குகிறாள். சத்தம் கேட்டால் விழித்துக்கொண்டு கழுத்தை நெரிப்பாள். அவளைக் கொளுத்தலாம், ஜன்னல் வழியாகத் தப்பலாம், இல்லாவிட்டால் சாகலாம். மூன்றே முடிவு. நான் மூன்றாவதில் கைதேர்ந்தவன்.

சித்ராக்கா எழுதிய அறிக்கை இப்படி இருந்தது: பெரிய வீட்டுக்குள் போனேன். பேய் விழிக்கவில்லை. பிறகு அதுவே மெதுவாக இறங்கி வந்தது. மேஜைக்கு வந்தது. சூப் கொடுத்தது. குடித்தேன். பனி உருகியது. பேயும் டாக்டரும் விறகு வெட்டுகிறார்கள். விளையாட்டு முடியவே மாட்டேன் என்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமானதால் நானே நிறுத்திவிட்டேன்.

ஸ்டீபன்ராஜ் அன்று விடுப்பு. அக்கா நிறுத்துவதற்கு முன்னால் நான் திரையை எட்டிப் பார்த்தேன். சத்தியமாகப் பச்சைப் புல், வெயில், ஓரமாக ஒரு கிழவி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பார்த்தது எதற்கும் ஆகாது. படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளிவராத விளையாட்டு என்பதால் அந்தக் கம்பெனி ரெக்கார்டிங்கைப் பூட்டி வைத்திருந்தது; எங்கள் போனைக் காலையிலேயே வாசலில் வாங்கிவிடுவார்கள்.

அறிக்கையில் எழுதிய வழியிலேயே நான் போனேன். செத்தேன். ஸ்டீபன்ராஜ் வந்து ஆடிச் செத்தார். டீம் மொத்தமும் வரிசையாகச் செத்தோம். குளிர்நாட்டிலும் அவர்கள் ஆட்கள் ஆடிச் செத்திருக்கிறார்கள். பதில் வந்தது: எங்கள் விளையாட்டில் சூப்பே கிடையாது, உங்கள் ஆள் வேறு ஏதாவது விளையாட்டை ஆடினாரா?

"அக்கா, தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சு போச்சு" என்றார் ஸ்டீபன்ராஜ்.

"நான் சூப்பு குடிச்சேன் தம்பி."

"மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் முடியுது. இந்த நேரத்துல கிளையண்ட் இப்படி எழுதியிருக்கான். எம்.டி. என்ன சொல்றார் தெரியுமா? ஒண்ணு அந்த அம்மா செஞ்சு காட்டட்டும், இல்லன்னா பெர்மனென்ட் பேச்சே எடுக்காதேங்கிறார்."

"செஞ்சு காட்டுறேன்."

மறுநாளே உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டோம். அதுதான் வினை. "லெஃப்ட்ல போங்கக்கா", "ஓடுங்க ஓடுங்க", "ரொட்டியை எடுங்க", "அய்யய்யோ கதவை விட்டுட்டீங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கத்த, டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் போல ஆகிவிட்டார். எங்களை மாதிரியே தடதடவென்று வீட்டுக்கு வீடு ஓடினார். பெரிய வீட்டுக் கூடத்திலேயே பேய் பிடித்துவிட்டது. சித்ராக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"பதட்டத்துல எதையோ விட்டுட்டேன். என்னன்னுதான் தெரியலை."

அன்று சாயங்காலம் சத்திரம் வரைக்கும் ஒரே பஸ்ஸில் வந்தோம். இறங்கினால் எதிரே லக்ஷ்மணன் கடை. அவர் உள்ளே இருந்து கை காட்டினார். "என்னம்மா, கம்ப்யூட்டர்ல பேய் ஓட்டுறியாமே? மாசக் கடைசியோட லீவு விடுறாங்களா?" வீட்டில் அழகர்சாமி எதார்த்தமாகச் சொன்னது அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. சித்ராக்கா ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் காலியாகக் கிடந்தது. ஆனாலும் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்.

கிளையண்ட் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தான். வீடியோ காலில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சித்ராக்கா அல்லாத ஒருவர் ஆட வேண்டும்; சித்ராக்கா தான் எழுதியதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். வந்தால் வந்தது. அவன் குறித்த நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அவனுக்கு என்ன தெரியும்?

எங்களுக்கு அன்றைக்குத்தான் அலுவலகப் பூஜை. காலையிலேயே ஒட்டடை அடித்து, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுக்கு மேல் ஒரு சாமந்திப்பூ. செருப்புகளை எல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே லிஃப்ட் வரைக்கும் பரப்பிவிட்டோம். ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் தப்பான மாடி என்று திரும்பிப் போனார்கள். பூஜை முடிந்து பொரி, கடலை, சுண்டல். விநியோகம் ஸ்டீபன்ராஜ். வருஷா வருஷம் அவர்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொரி அளப்பதில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார்.

"பூஜை போட்டா மிஷினைத் தொடக்கூடாதுடா" என்றார் சித்ராக்கா.

"சரஸ்வதி மன்னிச்சிருவா, கிளையண்ட் மன்னிக்கமாட்டான்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

ஆடுகிற ஆள் நான். இருப்பதிலேயே நான்தான் புதுசு, கை பழகாதவன் என்று தேர்ந்தெடுத்தார்கள். முதல் வகுப்பில் தேறியவனுக்கு இப்படியும் ஒரு தகுதி. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் குளிர்நாட்டுக்காரர்கள் மூன்று பேர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டர் நெற்றியில் இருந்த குங்குமம் பற்றி ஒருவர் ஏதோ கேட்டார். பாதுகாப்புக்கு என்று ஸ்டீபன்ராஜ் இங்கிலீஷில் சொன்னதை அவர் வைரஸ் தடுப்பு என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

சித்ராக்கா எனக்குப் பக்கத்தில் நின்று படிக்க ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"கிராமத்துக்குள்ள வாங்க. முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்க."

தட்டினேன்.

"உள்ளே போங்க."

போனேன்.

"அடேய்!" என்று ஒரு சத்தம். பொரித் தட்டு கை நழுவுகிற அளவுக்கு. "செருப்போட எங்கடா உள்ளே போறே!"

நான் பதறிப்போய் என் காலைப் பார்த்தேன். வெறுங்கால்தான்.

"உன் காலைச் சொல்லலைடா, அவன் காலை! பூட்ஸைக் கழட்டாம அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறான் பாரு!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸ்டீபன்ராஜ்தான் முதலில் நிறுத்தினார். வாயில் இருந்த பொரியை மென்று முழுங்கிவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அக்கா... நீங்க ஆடும்போது அவன் பூட்ஸைக் கழட்டுவீங்களா?"

"பின்ன?"

"எல்லா வீட்லயுமா?"

"வீடுன்னா கழட்டணும்ல. வெளியில வரும்போது மறுபடி மாட்டிவிடுவேன், பனி குத்தும்."

"ஸ்டெப்ஸ்ல அதை எழுதவே இல்லையே!"

"எதை எழுதச் சொல்றே? வீட்டுக்குள்ள போனேன்னு எழுதியிருக்கேன்ல? மூச்சு விட்டேன்னுகூடத்தான் எழுதலை."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை பேரும் வெறுங்காலோடு நிற்கிறோம். அத்தனை பேர் வீட்டிலும் செருப்பு வாசலில்தான் கிடக்கும். நான் அம்மா கழுவிவிட்ட தரையில் சைக்கிள் டயர் பட்டதற்கே விளக்குமாற்றால் வாங்கியவன். ஆனால் கேம் என்று வந்ததும் எங்கள் கை வேறு மாதிரி பழகிவிட்டது. பூட்ஸ் என்றால் குளிரைத் தாங்கும் பலம், அதைக் கழற்றினால் உயிர் குறையும், அதனால் கழற்றக்கூடாது. அதற்கென்று ஒரு பட்டன் இருப்பதையே மறந்திருந்தோம். சித்ராக்கா இத்தனை நாளாக அடுத்தவர் ஆடுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே எங்கள் காது கிழிந்திருக்கும்.

"மறுபடி முதல்லேருந்து" என்றார் ஸ்டீபன்ராஜ்.

முதலிலிருந்து போனேன். ஒவ்வொரு வாசலிலும் மாட்டு டாக்டரைக் குனியவைத்துப் பூட்ஸைக் கழற்றினேன். உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்தது. பல் தந்தியடிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "கொஞ்சம் நடுங்குனா ஒண்ணும் செத்துட மாட்டான், போ" என்றார் சித்ராக்கா. இப்போது அவர் குரலில் நடுக்கம் போய்விட்டது. பெரிய வீட்டு வாசலில் பூட்ஸை விட்டுவிட்டு உள்ளே போனபோது ஒரு சத்தமும் இல்லை. மரத்தரையில் காலடியே கேட்கவில்லை. பேய் எழுந்திருக்க எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் அவள் வந்தாள். எங்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டோம். அவள் எங்கள் பக்கமே வரவில்லை. நேராக வாசலுக்குப் போனாள், பூட்ஸை எடுத்து வந்தாள், கணப்பு அடுப்புப் பக்கத்தில் காயவைத்தாள். பிறகு மேஜைக்கு வந்து ஒரு கிண்ணத்தை வைத்தாள். அவள் பேச வேண்டிய இடத்தில், வசனம் பிறகு எழுதப்படும் என்று மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. வாயும் அசையவில்லை, யாரோ பாதி செய்து விட்டுப் போன முகம். ஆனாலும் கிண்ணத்தை நம் பக்கம் நகர்த்தினாள்.

"குடி" என்றார் சித்ராக்கா.

குடித்தேன். உயிர்க்கோடு மேலே ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பனி உருக ஆரம்பித்தது.

சின்னக் கட்டத்தில் இருந்த மூன்று பேரும் காபியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் விளக்கம் வந்தது. அந்த விளையாட்டின் கதையை எழுதிய பெண்மணி ஆரம்பத்தில் இந்த முடிவைத்தான் எழுதியிருக்கிறார். அவர் ஊரிலும் பனிக்காலத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் பூட்ஸ் வாசலில்தானாம். ஆனால் ஆடிப் பார்த்த ஒருவரும் கழற்றவில்லை. யாருக்கும் கிடைக்காத முடிவுக்கு எதற்குச் செலவு என்று மேலிடம் பாதியில் அதை வெட்டச் சொல்லிவிட்டது. வெட்டியவர்கள் சரியாக வெட்டவில்லை. ஆகவே இது மிகப் பெரிய பிழை; கண்டுபிடித்துக் கொடுத்த சித்ராதேவிக்கு நன்றி; அடுத்த பதிப்பில் அடியோடு நீக்கிவிடுவோம்.

அதே வாரம் அவருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. சித்ராக்கா எல்லோருக்கும் மலைக்கோட்டை பக்கமிருந்து அல்வா வாங்கி வந்தார். லக்ஷ்மணனுக்கு எங்கள் முன்னாலேயே அலுவலகப் போனில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமா, பெர்மனென்ட் ஆயிட்டேன்."

மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "எதுக்கும்மா, பேய்கிட்ட சூப்பு வாங்கிக் குடிச்சதுக்கா?"

"ஆமா. உங்க கடையில ஒரு டீ கூட வாங்கித் தரலியே நீங்க."

அலுவலகமே கைதட்டியது. லக்ஷ்மணனும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மிஷின் சத்தத்தில் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் புதுப் பதிப்பு வந்தது. கண்டுபிடித்தவரே சரிபார்ப்பதுதான் வழக்கம். ஸ்டீபன்ராஜ் அவர் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக் கொடுத்தார். சித்ராக்கா மாட்டு டாக்டரை முதல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டனை அமுக்கினார். குளிர் அதிகம், கழற்ற முடியாது என்று திரை சொன்னது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதையே சொன்னது. அவர் அதற்குமேல் போகவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"நான் இதை ஆடமாட்டேன் தம்பி."

ஸ்டீபன்ராஜுக்குப் புரியவில்லை. "என்னக்கா? சரியாத்தானே பண்ணியிருக்காங்க?"

"சரியாத்தான் பண்ணியிருக்காங்க. நான்தான் காட்டிக் குடுத்துட்டேன். அந்தம்மா பாட்டுக்கு யாருக்கும் தெரியாம சூப்பு வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என் வேலைக்காக நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். இப்ப அதை மறுபடி பேயாக்கிட்டாங்க."

"அக்கா, அது வெறும் புள்ளிங்கக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கிற புள்ளி."

"இருக்கட்டும். பூட்ஸோட அது வீட்டுக்குள்ள நான் போகமாட்டேன். வேற கேம் குடு. எதை வேணாலும் ஆடுறேன்."

"பெர்மனென்ட் ஆகி ஒரு வாரம்கூட ஆகலை. கொடுத்த வேலையை மாட்டேன்னா எம்.டி. என்ன சொல்வார்?"

"ஒரு வாரத்துக்கு முன்னாடி இதைச் சொல்லியிருந்தா என்னை அனுப்பியிருப்பார். இப்ப அனுப்ப முடியாதுல்ல?"

எங்கள் கம்பெனியில் நிரந்தரம் என்ற வார்த்தையை இவ்வளவு சீக்கிரமாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இல்லை. ஸ்டீபன்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு எம்.டி. அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவருக்குக் காது மட்டும் சிவந்திருந்தது. அக்காவுக்கு எழுத்துமூலமாக ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு வேறு குழுவுக்கு மாற்றல். கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சித்ராக்கா கேட்டார்: "சரி, எந்த கேமு?"

புதுப் பதிப்பைச் சரிபார்க்கிற வேலை எனக்கு வந்தது. பூட்ஸோடு எல்லா வீட்டுக்குள்ளும் போனேன். பெரிய வீட்டில் பேய் ஒழுங்காக விழித்தது, ஒழுங்காகக் கழுத்தை நெரித்தது. சூப் இல்லை. பிழை நீங்கியது என்று எழுதி அனுப்பினேன். அன்றைக்கு மட்டும் அக்கா என்னோடு மதியம் சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் தக்காளி சாதத்தில் பாதியை வழக்கம்போல என் டிபன் பாக்ஸில் தள்ளினார்.

சித்ராதேவி இப்போது அதே புத்தூர் அலுவலகத்தில் நிரந்தர ஊழியர். கார் பந்தய விளையாட்டுகளைச் சோதிக்கிற குழுவில் இருக்கிறார். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சத்திரத்தில் பஸ் மாறுகிறார்.